எல்லாப் பாவங்களும் தேவனுக்கு முன்பாகச் சமமா? பாவத்தினால் இரட்சிப்பை இழக்க முடியுமா?

தேடுகிறவன் (கேள்வி):

அன்பானவர்களுக்குத் தோத்திரம். எங்கள் வேதபாட வகுப்பில் யாக்கோபு 2:10-ஐ வாசித்தபோது எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நியாயப்பிரமாணம் முழுவதையும் கைக்கொண்டும் ஒன்றிலே தவறினவன் எல்லாவற்றிலும் குற்றவாளியாகிறான் என்று அந்த வசனம் சொல்வதால், பொய்யும் கொலையும் தேவனுடைய பார்வையில் ஒன்றுதான் என்கிறார்கள் ஒரு சாரார். மறு சாராரோ 1 யோவான் 5:16-ஐ எடுத்துக்காட்டி, மரணத்துக்கு ஏதுவான பாவம், ஏதுவல்லாத பாவம் என்று அப்போஸ்தலரே பிரித்துச் சொல்லியிருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது எப்படித் தகும் என்று கேட்கிறார்கள்.

இதிலிருந்து இன்னொரு கேள்வியும் கிளம்பிவிட்டது. பாவங்களில் பெரிது சிறிது உண்டென்றால், இரட்சிப்பையே இழக்கச்செய்யும் அளவுக்குப் பெரிய பாவம் இருக்கிறதா? இல்லை என்றால் ஒளியைப் பெற்றபின் விழுந்துபோனவர்களை மனந்திரும்புதலுக்கென்று மறுபடியும் புதுப்பிப்பது கூடாதகாரியம் என்ற எபிரெயர் 6:4-6-ன் எச்சரிப்பு யாருக்கு எழுதப்பட்டது? இருக்கிறது என்றால், “ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை” என்று யோவான் 10:28-ல் கர்த்தர் கொடுத்த வாக்கை எப்படிப் புரிந்துகொள்வது? ஒவ்வொரு பாரம்பரியத்தின் நிலையையும் அதற்குள் நிற்கிறவர்களே விளக்கினால் நல்லது. பிறர் கொள்கையைக் கேலி செய்யும் மறுமொழிகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சீர்திருத்தச் சபை வாசகர்:

சகோதரரே, பாவத்தின் கனத்தைப் பற்றிய கேள்வியையும் இரட்சிப்பின் நிலைபேற்றைப் பற்றிய கேள்வியையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றைத் தானாகத் தீர்த்துவிடாது.

எல்லாப் பாவமும் சமம் என்பது புராட்டஸ்டண்டுக் கொள்கை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் விசுவாச அறிக்கைகளில் அப்படி எங்கும் இல்லை. 1640-களில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை, சில பாவங்கள் தம்மிலேயே கொடியவை என்றும், சூழ்நிலைகளால் இன்னும் கொடியவையாகின்றன என்றும் 83-ஆம் வினாவில் சொல்லிவிட்டு, அடுத்த வினாவிலேயே ஒவ்வொரு பாவமும் தேவகோபத்துக்குப் பாத்திரமானது என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிலாத்துவிடம் கர்த்தரே, “என்னை உம்மிடத்தில் ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவமுண்டு” என்றார். எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரனுக்கு அநேக அடிகள், அறியாதவனுக்குச் சில அடிகள் என்று லூக்கா 12-ல் அளவு வைத்துப் பேசினார். யாக்கோபு சொல்வதோ வேறு. விபசாரம் செய்யாதே என்றவரும் கொலை செய்யாதே என்றவரும் ஒருவரே என்று அடுத்த வசனத்தில் காரணத்தைத் தருகிறார். எந்தக் கட்டளையை மீறினாலும் மீறப்படுகிறவர் ஒருவரே என்பதுதான் அவருடைய வாதம். மீறுதல்களின் எடையை அவர் அங்கே ஒப்பிடவேயில்லை.

இரண்டாவது கேள்விக்கு, 1618-1619-இல் நெதர்லாந்தில் கூடிய, சீர்திருத்தச் சபைகளின் டார்ட் ஆலோசனைச் சங்கம் தன் ஐந்தாம் தலைப்பில் பதில் சொன்னது. விசுவாசி விழமாட்டான் என்று அந்தச் சங்கம் சொல்லவில்லை. தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பரிசுத்தவான்களும் கொடிய பாவங்களில் விழக்கூடும் என்றும், அதனால் பரிசுத்த ஆவியானவரைத் துக்கப்படுத்தி, மனச்சாட்சியைக் காயப்படுத்தி, கிருபையின் உணர்வைச் சில காலம் இழந்தும் போகலாம் என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் தேவன் தம்முடையவர்களிடமிருந்து தமது ஆவியை முற்றிலும் எடுத்துப்போடுவதில்லை. மனந்திரும்புதலுக்குள் அவர்களைத் திரும்ப நடத்துகிறார். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்று கர்த்தர் சொல்லியிருந்தார். அவன் நிலைத்தது அந்த வேண்டுதலால்.

எபிரெயர் 6-ல் சொல்லப்பட்டவர்கள் ஒளியைப் பெற்றும் பரம ஈவை ருசிபார்த்தும் வேர் கொள்ளாதவர்கள் என்பது எங்கள் புரிதல். ‘உங்களிடத்தில் இரட்சிப்புக்குரியவைகள் உண்டென்று நம்பியிருக்கிறோம்’ என்ற பொருளில் 9-ஆம் வசனம் வாசகர்களை அவர்களிடமிருந்து பிரித்துப் பேசுகிறது. நம்மைவிட்டுப் பிரிந்துபோனவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை என்று 1 யோவான் 2:19-உம் சொல்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் போதும், பிறகு எப்படியும் வாழலாம்’ என்று மேடைகளில் கேட்கும் பேச்சுக்கும் டார்ட் சங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பங்கு மறைக்கல்வி ஆசிரியர்:

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையைச் சொல்கிறேன். நீங்கள் பிரித்துவைத்த இரண்டு கேள்விகளும் எங்களுக்கு ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். ஒரு பாவம் ஆன்மாவிலுள்ள இறை அன்பை அழித்துவிடுகிறதா, அல்லது காயப்படுத்துவதோடு நிற்கிறதா என்பதே சாவான பாவத்துக்கும் அற்பப் பாவத்துக்கும் உள்ள வேறுபாடு.

ஒரு பாவம் சாவானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்ற முழு அறிவு இருக்க வேண்டும், முழு மனச் சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வந்தரிடம் எடுத்த அதே தொகையை அன்றாடக் கூலிக்காரரிடம் எடுத்தால், அவருடைய குடும்பம் அன்று பட்டினி கிடக்கும் என்பதால் காரியம் கனமாகிறது. எடுத்தவர் நெடுநாள் போதைப் பழக்கத்தில் சிக்கியவர் என்றால், செயல் கனமானதாகவே இருந்தாலும் சம்மதத்தின் முழுமை குறைந்திருக்கலாம். அச்சம், பழக்கம் போன்றவை பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று மறைக்கல்வி நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே ‘இந்தச் செயல் கனமான பாவம்’ என்று எங்களால் சொல்ல முடியும். ‘இன்னார் அருளை இழந்துவிட்டார்’ என்று தீர்ப்பிடுவதைக் கடவுளுடைய நீதிக்கும் இரக்கத்துக்கும் விட்டுவிடுகிறோம்.

1547-இல் எங்கள் திருச்சபையின் திரிதெந்தின் பொதுச்சங்கம் தன் 6-ஆவது அமர்வில் அறிவித்தது இதுதான்: அவநம்பிக்கையால் மட்டுமல்ல, நம்பிக்கை எஞ்சியிருக்கும்போதே செய்யப்படும் எந்தச் சாவான பாவத்தாலும் தூய்மையாக்கும் அருள் இழக்கப்படுகிறது. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதே ஆவணம், விழுந்தவர்கள் ஒப்புரவு அருட்சாதனத்தின் (பாவசங்கீர்த்தனத்தின்) வழியாக மீண்டும் நீதிமான்களாக்கப்படுவதைப் பற்றித் தனி அதிகாரமே எழுதியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்குக் குருவானவர் கிடைக்காத நிலையில், கடவுளை அன்பு செய்வதாலேயே எழும் உத்தம மனஸ்தாபமும், கூடியவிரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் இருந்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படும். எங்கள் போதனையில் மீட்பு காலையில் வந்து மாலையில் போய்விடுகிறது என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்காமலேயே பேசுகிறார்கள்.

லுத்தரன் சபை உறுப்பினர்:

மேலே டார்ட் சங்கம் தாவீதை எடுத்துக்காட்டியதாகச் சொல்லப்பட்டது. அதே தாவீதை லுத்தர் நேர்மாறாக வாசித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் விசுவாச ஆவணங்களில் ஒன்றான, 1537-ஆம் ஆண்டின் ஸ்மால்கால்டு கட்டுரைகளில், தாவீது விபசாரத்திலும் கொலையிலும் விழுந்தபோது விசுவாசமும் பரிசுத்த ஆவியும் அவனைவிட்டு நீங்கிப்போயின என்று அவர் எழுதினார். அதற்கு முன்பே, 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்ற போதனையைத் தன் 12-ஆவது கட்டுரையில் கண்டித்திருந்தது.

இரு தரப்பும் போய் நிற்பது 51-ஆம் சங்கீதத்தின் முன்னால்தான். “உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து” என்று தாவீது கேட்பதால், அவன் இழந்தது சந்தோஷத்தையே தவிர இரட்சணியத்தை இழக்கவில்லை என்பார்கள் சீர்திருத்தச் சபையார். அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால், “சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” என்று அவன் கதறுகிறான். இருப்பதைச் சரிசெய்யும்படி கேட்கிறவன் சிருஷ்டிக்கும்படி கேட்கமாட்டான் என்பது எங்கள் வாதம். தான் விபசாரம் செய்த பத்சேபாளின் கணவன் உரியாவைக் கொல்லும்படி எழுதிய நிருபத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினவன், அந்தக் கணத்தில் ஜீவனுள்ள விசுவாசத்தோடு இருந்தான் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. கொலைபாதகனுக்குள் நித்தியஜீவன் நிலைத்திராது என்று 1 யோவான் 3:15 சொல்கிறதல்லவா? ஆனாலும் தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்தான், தாவீது அறிக்கையிட்டான், “நீர் சாகாதபடிக்கு, கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார்” என்ற வார்த்தையும் அப்பொழுதே வந்தது.

யோவான் 10:28 எங்களுக்கும் முழு வாக்குத்தத்தமே. கலங்கினவனுக்கு அதைச் சொல்லுகிறோம். துணிகரமாய்ப் பாவத்தில் நிற்கிறவனுக்கு எபிரெயரின் எச்சரிப்பைச் சொல்லுகிறோம். இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிவிட நாங்கள் முயல்வதில்லை.

மெதடிஸ்ட் பிரசங்கி:

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள் 1610-இல் வெளியிட்ட ஐந்து கட்டுரைகளில், உண்மை விசுவாசி விழுந்துபோகக்கூடுமா என்பது இன்னும் வேதத்திலிருந்து ஆராயப்பட வேண்டியது என்றே விடப்பட்டிருந்தது. முடியும் என்ற தெளிவான நிலைக்கு அவர்கள் பிற்பாடுதான் வந்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் முடியும் என்றே போதித்தார். ஆனால் அறிந்த கட்டளையை மனதார மீறுவதையே அவர் முறையான பொருளில் பாவம் என்றார். அறியாமையாலும் பலவீனத்தாலும் நேரும் தவறுகளுக்கும் கிறிஸ்துவின் இரத்தம் தேவை என்றாலும், அவற்றை அந்த வரிசையில் வைக்கவில்லை. எண்ணாகமம் 15-ல் அறியாமையினால் செய்ததற்குப் பலியும், துணிகரமாய்ச் செய்ததற்கு அறுப்புண்டுபோதலும் விதிக்கப்பட்டிருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முற்றிலும் பின்வாங்கிப்போனவர்களும் திரும்பக் கட்டப்பட்டதைத் தாம் கண்டிருப்பதாக வெஸ்லி எழுதியிருக்கிறார்.

தேடுகிறவன்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. மனந்திரும்பினால் எல்லாருக்கும் வழி உண்டு என்று எல்லாத் தரப்பும் சொல்கிறீர்கள். அப்படியானால், “ஆவியானவருக்கு விரோதமான தூஷணமோ மனுஷருக்கு மன்னிக்கப்படுவதில்லை” என்ற மத்தேயு 12:31 எங்கே நிற்கிறது? கிறிஸ்துவையே மறுதலித்தவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது ஆதித் திருச்சபைக்கு அவ்வளவு எளிதாக இருந்ததா?

திருச்சபை வரலாற்று மாணவி:

ஐயா, எளிதாக இருக்கவேயில்லை. 250-இல் ரோமப் பேரரசர் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் மணலில் அந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்கள் பல இன்றும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, படைத்ததை உண்டேன்’ என்ற கருத்தில் எழுதி, அதிகாரிகளிடம் கையொப்பம் கேட்கும் விண்ணப்பங்கள் அவை. கிறிஸ்தவர்களில் சிலர் உண்மையாகவே பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டார்கள்.

துன்புறுத்தல் தணிந்தபின் இவர்கள் திரும்பி வந்தபோது சபை பிளந்தது. ரோமாபுரிச் சபையின் மூப்பர் நோவாத்தியன், மறுதலித்தவர்களுக்கு மன்னிப்புக் கொடுக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை என்றார். அவர்கள் தவம் செய்யலாம், தேவன் இரங்கினால் அது அவருடைய காரியம். கார்த்தேஜின் கண்காணியார் சிப்பிரியான் கூட்டிய 251-ஆம் ஆண்டின் சங்கமோ பாவத்தைத் தரம் பிரித்தது: சான்றிதழ் மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்கள் தவத்தில் நிலைத்திருந்தால் மரணத் தறுவாயில் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த துன்புறுத்தல் நெருங்கியபோது அந்தக் கெடுபிடியும் தளர்த்தப்பட்டது. போராடப் போகிறவர்களைத் திருவிருந்தின் பலமில்லாமல் அனுப்பக்கூடாது என்பது சிப்பிரியானின் நியாயம். 325-இல் நிசேயா சங்கம், கட்டாயமின்றி மறுதலித்தவர்களுக்கு மொத்தம் 12 ஆண்டுத் தவக்காலத்தைத் தன் 11-ஆவது சட்டத்தில் விதித்துவிட்டு, சாகும் தறுவாயில் இருப்பவர் எவருக்கும் திருவிருந்தை மறுக்கக்கூடாது என்று 13-ஆவது சட்டத்தில் எழுதியது. பிழைத்துக்கொண்டால் ஜெபத்தில் மட்டும் பங்குபெறுகிறவர்களோடு அவர் நிற்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்தார்கள்!

சீர்திருத்தச் சபை வாசகர்:

மத்தேயு 12-ஐப் பற்றி: கர்த்தர் அதை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். பிசாசு பிடித்தவன் கண்முன்னே குணமாவதைக் கண்டும், அது பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் செயல் என்று சொன்ன பரிசேயரிடம் சொன்னார். “அசுத்தஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னபடியினாலே” இப்படிச் சொன்னார் என்று மாற்கு 3:30 காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறது. ஆத்திரத்திலோ குழப்பத்திலோ வாய்தவறி வந்த ஒரு வார்த்தையைக் குறித்த வசனமாக இதை நாங்கள் வாசிப்பதில்லை. வெளிச்சத்தை வெளிச்சம் என்று அறிந்தே இருள் என்று அழைக்கும் இருதயத்தின் நிலையை அது குறிக்கிறது. அந்த நிலையில் இருப்பவனுக்கு ‘நான் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ’ என்ற கலக்கமே எழாது.

தாவீதைக் குறித்து லுத்தரன் சகோதரர் சொன்னதற்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொள்ளாமல் இரும் என்று ஆவியானவரைக் குறித்து அதே 51-ஆம் சங்கீதத்தில் தாவீது வேண்டுகிறான் என்றால், அவர் இன்னும் எடுக்கப்படவில்லை என்பதுதானே பொருள்?

லுத்தரன் சபை உறுப்பினர்:

அந்தச் சங்கீதம் நாத்தான் வந்த பின்பு பாடப்பட்டது என்று அதன் தலைப்பே சொல்கிறது, சகோதரரே. நான் கேட்டது நாத்தான் வருவதற்கு முந்தின மாதங்களைப் பற்றி.