டிபென்டென்சி வழக்குக்குத் தமிழில் ‘சார்புநிலை’ போதுமா?

> கார்டியன்ஷிப் = காப்பாளர்நிலை, டிபென்டென்சி = சார்புநிலை. நேர்ச்சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

வணக்கம் ஐயா, கலிபோர்னியா நீதிமன்றச் சொற்களைத் தமிழாக்குவது பற்றி நீங்கள் எழுதியதற்கு என் பதில்.

முதலாவதில் ‘நிலை’யை வெட்டிவிட்டு ‘காப்பாளர் நியமனம்’ என்று வைத்துக்கொள்வோம். ‘பாதுகாவலர்’ வேண்டாம், அது வாயில்காப்போனையும் குறிக்கிறது.

இரண்டாவது ஒத்துவராது. கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு டிபென்டென்ட் என்றாலே எச்-4 விசாதான் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்தாருக்குத் தருவது) நினைவுக்கு வரும். தவிர, எந்தக் குழந்தைதான் பிறரைச் சார்ந்திராமல் இருக்கிறது? வதையோ புறக்கணிப்போ நேர்ந்த குழந்தைக்கு நீதிமன்றமே பொறுப்பேற்கிறது. அங்கத்திய நல்வாழ்வு மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 300ஆம் பிரிவு அதற்குத்தான். ஆகவே ‘பொறுப்பேற்பு வழக்கு’, ‘நீதிமன்றப் பொறுப்புக் குழந்தை’ என்கிறேன். ‘பராமரிப்பு வழக்கு’ என்றால் நம் ஊரில் ஜீவனாம்சம் ஆகிவிடும்.

சொல் மங்கலாக இருந்தால் எங்கே இடிக்கும் என்று பாருங்கள். ஒரு பாட்டி, பேரனுக்குக் காப்பாளராக வேண்டி புரோபேட் பிரிவில் (உயில், காப்பாளர் வழக்குகளைக் கவனிக்கும் நீதிமன்றப் பிரிவு) மனுப் போடுகிறார். 300ஆம் பிரிவு சொல்லும் நிலையில் பேரன் இருக்கக்கூடும் என்று தெரிந்தால், புரோபேட் சட்டம் 1513ஆம் பிரிவின்படி விஷயம் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) குழந்தைநலத் துறைக்குப் போகலாம். அவர்கள் விசாரித்து அறிக்கை தரும்வரை காப்பாளர் வழக்கை முடிக்க முடியாது. துறை சிறார் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்துவிட்டாலோ, நல்வாழ்வுச் சட்டத்தின் 304ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: அந்த வழக்கு தீரும்வரை பொதுவாக புரோபேட் பிரிவு அந்தக் குழந்தையின் காப்பாளர் மனுவைத் தொடக்கூடாது.

பாட்டி கேட்டது ஒன்று, இப்போது நடப்பது வேறொன்று. தாயையும் பிள்ளையையும் மீண்டும் சேர்த்துவைப்பதற்கான மறுஇணைப்புச் சேவைகள், பிள்ளைக்கென்று வழக்கறிஞர் எல்லாம் வரும். சிறார் நீதிமன்றமே பிறகு அதே சட்டத்தின் 366.26ஆம் பிரிவின்கீழ் பாட்டியைக் காப்பாளராக்கினால், உறவினர் காப்பாளருக்கான கின்-கேப் உதவித்தொகைக்கும் வழியுண்டு. புரோபேட் வழியாகக் காப்பாளரானால் அது கிடையாது. எனவே வெறும் ‘காப்பாளர்’ என்று எழுதினாலும் ஆபத்து. ‘புரோபேட் காப்பாளர்’, ‘சிறார் நீதிமன்றக் காப்பாளர்’ என்று பிரித்தே எழுத வேண்டும்.

இந்த இரண்டு வழக்கையும் சேர்த்துக் கையாளுவதற்கு ‘ஒருங்கிணைப்பு’ சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு வழக்கும் ஒன்றாக இணைவதில்லை, ஒன்றுக்காக மற்றது காத்திருக்கிறது. ஆனாலும் பழகிய சொல், இருக்கட்டும்.

---

> ‘பொறுப்பேற்பு வழக்கு’, ‘நீதிமன்றப் பொறுப்புக் குழந்தை’

அம்மா, வணக்கம்.

சார்புநிலையை விட்டுவிடுகிறேன், விசா என்னை மடக்கிவிட்டது. ஆனால் தனியாகப் ‘பொறுப்பேற்பு’ என்றால் புது ஆட்சியர் நாற்காலியில் அமர்வதுபோல் இருக்கிறதே. ‘நீதிமன்றப் பொறுப்பேற்பு’ என்று முழுதாகவே எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல். அதே சட்டத்தின் 602ஆம் பிரிவில், குற்றம் செய்ததாக வரும் சிறாரை ‘வார்டு’ என்கிறார்கள். அவரும் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருப்பவர்தானே? உங்கள் சொல் அவரையும் சேர்த்து விழுங்கிவிடும். வதைக்கு உள்ளான பிள்ளையையும் குற்ற வழக்கில் சிக்கிய பிள்ளையையும் ஒரே பெயரில் எழுத முடியாது. ‘நீதிமன்றப் பாதுகாப்புக் குழந்தை’ என்று 300ஆம் பிரிவுக்கு மட்டும் வைத்தால் என்ன?