மியான்மர் ராணுவத்தின் மீது பொருளாதாரத் தடை: யாருக்கு வலிக்கிறது?

கரிசல்காடு:
2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவத்தின் மீது இன்னும் கடுமையான தடை வேண்டும் என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். 2003-ஐ யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? மியான்மர் பொருள்களின் இறக்குமதியையே அமெரிக்கா நிறுத்தியது. யாங்கோன் ஆயத்த ஆடை ஆலைகள் மூடப்பட்டன. ஊரைவிட்டு வந்து சட்டை தைத்துப் பிழைத்த பெண்கள்தான் வேலையிழந்தார்கள். தளபதிகளோ இரண்டே ஆண்டுகளில் நேபிடோ என்ற புதுத் தலைநகருக்கே குடிபோனார்கள்.

நிலாமுற்றம்:
2003 தடையை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி எல்லாத் தடையும் வீண் என்பது அநியாயம். ராணுவத்துக்கு டாலர் வருவது எரிவாயுவில். அதை விற்கும் அரசு நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில் தடை போட்டது. அமெரிக்கா 2023 அக்டோபர் இறுதிவரை காத்திருந்தது, அப்போதும் நிதிச் சேவைகளை மட்டுமே நிறுத்தியது. மடியில் கை வைக்காமலே தடை பலிக்கவில்லை என்று சொல்லலாமா?

கரிசல்காடு:
அந்த எரிவாயுக் கதையைத்தான் சொல்ல வந்தேன். யடானா எரிவாயு வயலில் அந்த அரசு நிறுவனத்துக்கு 15 சதவீதப் பங்குதான் இருந்தது. 2022-இல் பிரான்ஸின் டோட்டல் நிறுவனம் வெளியேறியது, 2024-இல் அமெரிக்காவின் செவ்ரான். இருவர் பங்கும் மிச்சமிருந்த கூட்டாளிகளுக்கே போய்ச் சேர, இப்போது அரசு நிறுவனத்தின் பங்கு 37 சதவீதம். எரிவாயு வழக்கம்போலத் தாய்லாந்துக்குப் போகிறது. யாருக்கு லாபம், சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
அது நிறுவனங்கள் கைகழுவிவிட்டுப் போனது. நான் கேட்பது பணம் போகும் வங்கி வழியை அடைப்பது. சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கிருந்து ஆயுதத் தளவாடங்கள் போவதை ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023-இல் அம்பலப்படுத்தினார். அரசு விசாரித்தது. 11 கோடி டாலருக்கு மேல் இருந்த வர்த்தகம் ஒரே ஆண்டில் சுமார் ஒரு கோடிக்கு இறங்கியது.

பழைய ரங்கூன்:
அவருடைய 2024 அறிக்கையிலேயே இன்னொன்றும் இருக்கிறதே. அதே சமயத்தில் தாய்லாந்து வங்கிகள் வழியாக ராணுவம் செய்த கொள்முதல் 6 கோடி டாலரிலிருந்து கிட்டத்தட்ட 13 கோடியானது. அப்புறம், இந்த ராணுவத்துக்குத் தனிமை புதிதல்ல. 1962 முதல் 1988 வரை ஆண்ட தளபதி நெ வின் நாட்டைத் தானே பூட்டி வைத்திருந்தவர். எங்கள் தாத்தா போன்றவர்கள் கடையைப் பறிகொடுத்துக் கப்பலேறியது அந்தக் காலத்தில்தான்.

நிலாமுற்றம்:
சரி, தாய்லாந்து வங்கிகளையும் நெருக்க வேண்டும் என்பதற்கு அது இன்னொரு காரணம். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் வட்டாரத்தின் பாசிஜி கிராமத்தில், ஓர் அலுவலகத் திறப்புக்காகக் கூடியிருந்தவர்கள் மேல் ராணுவ விமானங்கள் குண்டு போட்டன. குழந்தைகள் உட்பட 160-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த விமானங்களுக்கான எரிபொருள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அந்தக் கப்பலைத் தடுத்தால் எந்தத் தையல்காரப் பெண்ணுக்கு வேலை போகும்?

கரிசல்காடு:
எரிபொருளைத் தடுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஆடை ஏற்றுமதிக்கு ஐரோப்பா தரும் வரிச்சலுகையையும் பறிக்கச் சொல்கிறார்களே, அதை மட்டும் ஏற்கமாட்டேன்.

நிலாமுற்றம்:
அந்த ஆலைகளிலேயே தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். சங்கங்களே சலுகையை நிறுத்தச் சொல்லும்போது வேண்டாம் என்று நாம் எப்படிச் சொல்வது?