இஃப், பேஸிவ், மோடல், கேள்வி: இடைநிலை மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

ஆங்கில ஆசிரியை, மதுரை

டென்ஸ் அட்டவணையைத் தலைகீழாகச் சொல்பவர்களும் இஃப் வாக்கியத்தில் சறுக்குகிறார்கள். 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதைப் பாருங்கள். பணம் வர வாய்ப்புள்ளவரும் சொல்லலாம், வாய்ப்பே இல்லாதவரும் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. 'இஃப் ஐ ஹேவ் த மனி, ஐ வில் பை இட்' என்றால் நடக்கக்கூடியது. 'இஃப் ஐ ஹேட் த மனி, ஐ வுட் பை இட்' என்றால் இப்போது கையில் பணம் இல்லை. இந்த 'ஹேட்' நேற்றைய கதையைச் சொல்லவில்லை. இது கற்பனை என்று காட்டுகிறது. இதைப் புரியவைக்காமல் 'செகண்ட் கண்டிஷனல்' என்று பெயர் மட்டும் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை.

நடக்காமல் போனதைச் சொல்லும் மூன்றாவது வகை நமக்கு உண்மையில் சுலபம். 'படித்திருந்தால் பாஸாகியிருப்பான்': 'இருந்தால்' உள்ள பக்கம் 'ஹேட்', 'இருப்பான்' உள்ள பக்கம் 'வுட் ஹேவ்'. 'இஃப் ஹீ ஹேட் ஸ்டடீட், ஹீ வுட் ஹேவ் பாஸ்ட்.' இஃப் இருக்கும் பக்கத்திலேயே 'வில்', 'வுட்' போடுவதுதான் நோட்டுகளில் அதிகம் வரும் பிழை.

கோடிட்ட இடம் நிரப்புவதைக் குறையுங்கள். வினைச்சொல்லை அதிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பஸ்ஸைத் தவறவிடுவது போல ஒரே சூழலை எடுத்து, நாளைக்கு நடக்கலாம், இப்போது கற்பனை, நேற்று நடக்காமல் போனது என்று மூன்று வாக்கியம் எழுத வையுங்கள்.

போட்டித் தேர்வுப் பயிற்றுநர், திருச்சி

பேஸிவ், அதாவது செயப்பாட்டு வினை பற்றி. ஆக்டிவை (செய்வினையை) பேஸிவாக மாற்றும் பயிற்சியையே செய்து பழகியவர்கள் எல்லா வாக்கியத்திலும் 'பை' சேர்க்கிறார்கள். செய்தவர் யார் என்பது முக்கியமானால் மட்டும் 'பை' வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் 'வாஸ் பில்ட் பை ராஜராஜ சோழா', சரி. பழைய பாம்பன் ரயில் பாலம் 'வாஸ் ஓபன்ட் இன் 1914' என்பதோடு நிறுத்தினால் போதும்.

அடுத்த சிக்கல் 'பீயிங்', 'பீன்'. வேலை இப்போது நடக்கிறது என்றால் 'த ரோடு இஸ் பீயிங் ரிப்பேர்ட்'. முடிந்துவிட்டது என்றால் 'ஹேஸ் பீன் ரிப்பேர்ட்'. 'இஸ்' பக்கத்தில் 'பீன்' வராது, 'ஹேஸ்' பக்கத்தில் 'பீயிங்' வராது. எழுதி முடித்ததும் இந்த ஜோடியை மட்டும் ஒருமுறை சரிபார்த்தாலே பெரும்பாலான பிழை போய்விடும். 'வாஸ் ஹேப்பன்ட்', 'வாஸ் டைட்' என்றும் எழுதுகிறார்கள். 'எதை?', 'யாரை?' என்று கேட்டுப் பதில் வராத வினைக்கு பேஸிவே கிடையாது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்றுநர், கோவை

மேடம் சொன்ன 'இருப்பான்' கணக்கோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்' என்பதில் நிபந்தனையே இல்லை, ஊகம்தான். அங்கே 'வுட் ஹேவ்' போட்டுவிடுகிறார்கள். 'ஹீ மஸ்ட் ஹேவ் ரீச்ட் ஹோம்' என்பதே தெளிவு. உறுதி குறைவென்றால் 'மே ஹேவ்'. வாக்கியத்தில் 'இருந்தால்' உண்டா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் இங்கே 'வுட் ஹேவ்' பக்கம் போகவே வேண்டாம்.

'மஸ்ட்', 'மே' போன்ற துணைவினைகள்தான் மோடல். அவற்றில் இன்னொரு குழப்பம்: 'மஸ்ட் நாட்' என்பது 'கூடாது'. 'டோன்ட் ஹேவ் டு' என்பது 'தேவையில்லை'. அலுவலக மெயிலில் இவை இடம் மாறினால் அர்த்தமே கெட்டுவிடும். 'யூ மஸ்ட் நாட் கம் ஆன் சாட்டர்டே' என்று படிப்பவர், சனிக்கிழமை வரத் தடை என்றே எடுத்துக்கொள்வார்.

ஆங்கில ஆசிரியை, மதுரை

உண்மை சார், அந்த ஊக வாக்கியத்தைத் தனியாகத்தான் பழக்க வேண்டும்.

கேள்விகளில் 'வேர் யூ வென்ட்?' என்பது எல்லோருக்கும் தெரிந்த பிழை. 'டிட்' வந்தால் வினை அடிப்படை உருவத்துக்குத் திரும்ப வேண்டும்: 'வேர் டிட் யூ கோ?' அதைத் திருத்தியதும் 'ஹூ டிட் கால் யூ?' என்று ஆரம்பிக்கிறார்கள். தமிழில் கேட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். 'யார் கூப்பிட்டார்?' என்றால் 'டிட்' வேண்டாம்: 'ஹூ கால்ட் யூ?' 'யாரைக் கூப்பிட்டாய்?' என்றால் வேண்டும்: 'ஹூ டிட் யூ கால்?'

'கேன் யூ டெல் மீ' என்று தொடங்கினால் உள்ளே 'வேர் இஸ் த ஸ்டேஷன்' என்ற கேள்வி வரிசை கிடையாது: 'கேன் யூ டெல் மீ வேர் த ஸ்டேஷன் இஸ்?'

எதிர்மறைக் கேள்விக்கான பதிலை வாய்விட்டுத்தான் பழக வேண்டும். 'சாப்பிடலையா?' என்றால் 'ஆமா, சாப்பிடலை' என்போம். 'டிடின்ட் யூ ஈட்?' என்றால் 'நோ, ஐ டிடின்ட்'. சாப்பிட்டிருந்தால்தான் 'எஸ், ஐ டிட்'. இருவர் உட்கார்ந்து மாறிமாறிப் பத்துக் கேள்வி கேட்டுக்கொண்டால் நாக்குக்குப் பழகிவிடும்.