திட்டுக்காட்டூரில் பெரியம்மா மாட்டிக்கொண்டார், படகில் ஒரு மூட்டைதான் ஏற்றுவார்களாம். என்ன அனுப்பலாம்?

மஞ்சக்குப்பம்:
மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி நீர் வந்துகொண்டே இருக்கிறது, கொள்ளிடம் கரை தெரியாமல் ஓடுகிறது. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி எல்லாம் தண்ணீருக்கு நடுவில். எல்லோரும் கூப்பிட்டும் பெரியம்மா வர மாட்டேன் என்கிறார், இரண்டு கறவை மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஒரே பிடிவாதம். வயது எழுபதுக்கு மேல், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். நாளைக் காலை படகில் வீட்டுக்கு ஒரு மூட்டை மட்டும்தானாம். அரிசி, பருப்பு, எண்ணெய், போர்வை எடுத்து வைத்திருக்கிறேன். சரியா?

ரெயின்போ நகர்:
அரிசியை முதலில் வெளியே எடுங்க. 2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை, அடுப்பு மூட்டத்தான் வழியில்லை. சோற்றுப் பொட்டலம் எப்படியும் அதிகாரிகள் கொண்டுவருவார்கள், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளிக்கு அவல், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை போதும், அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார் என்பதால் கொஞ்சம் கூடவே வையுங்கள். குடிதண்ணீர் கேன், தீப்பெட்டி, கொசுவத்தி, டார்ச், அப்புறம் ஒரு பட்டன் போன். பெரிய போனெல்லாம் ஒரே நாளில் செத்துவிடும்.

மருந்துக்கடை அண்ணன்:
போர்வையைவிட இன்சுலின் முக்கியம்மா. திறந்த பாட்டில் பெரும்பாலும் 28 நாள் வரை ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும், வெயிலும் அதிகச் சூடும் படக்கூடாது, அட்டையில் போட்டிருப்பதை ஒருமுறை பாருங்க. ஐஸ் கட்டியோடு சேர்த்து மட்டும் கட்டிவிடாதீர்கள், உறைந்துபோன மருந்து வீண். அங்கே போனதும் ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஊசியும் மறக்காதீங்க. சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அதனால் குளுக்கோஸ் பொட்டலம் கட்டாயம், சர்க்கரைக்காரருக்கு எதற்கு என்று எடுத்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் போடுங்கள். அது தீர்ந்தால், கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கிள்ளை:
எல்லாம் சரி, மாட்டுக்கு என்ன அனுப்புகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே! அது பட்டினி கிடந்தால் பெரியம்மா உங்கள் அவலைத் தொடவே மாட்டார். மூட்டையில் தவிடும் புண்ணாக்கும் கொஞ்சம் வையுங்கள், வைக்கோலுக்கு 1077-இல் கூப்பிட்டுக் கேளுங்கள், அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மாட்டை மேட்டில் விடட்டும், தண்ணீர் ஏறுகிற நேரத்தில் கயிற்றில் மட்டும் கட்டிவைக்க வேண்டாம், அவிழ்த்துவிட்டால் அது தானே நீந்திப் பிழைத்துக்கொள்ளும். மருந்தை மூடி இறுகும் டப்பாவில் போட்டு, டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி மேலாக வையுங்கள். மூட்டைமேல் பெயர், ஊர், உங்கள் நம்பர் மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள், எல்லாச் சாக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மஞ்சக்குப்பம்:
அரிசி, எண்ணெய், போர்வை மூன்றையும் எடுத்துவிட்டேன். தவிடு வைத்ததும் மூட்டை வாய் கட்ட வரவில்லை, தண்ணீர் கேனைத் தனியாக ஏற்றுவார்களா?

கிள்ளை:
கேன் மிதக்கும், அதைப் பெரும்பாலும் மூட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கயிறு போட்டுக் கொடுங்கள், படகு ஓரத்தில் கட்டிக்கொள்வார்கள்.