திருக்கையின் ‘எக் கேஸ்’: பையா, உறையா, கூடா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரையோர மீன்பிடியில் சிக்கும் ஸ்கேட் வகைத் திருக்கைகளின் இனப்பெருக்க நிலையைப் பதிவு செய்வதற்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘எக் கேஸ்’ என்ற ஒரே சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். ஸ்கேட்டின் முட்டையும் அதில் வளரும் கருவும் இருக்கும் வெளி ஓடு அது. தலையணை வடிவம், நான்கு மூலையிலும் கொம்பு, தொட்டால் தோல் போல இருக்கும். ‘முட்டைப்பை’ என்று எழுதி வைத்தேன், மனம் ஒப்பவில்லை. வழி சொல்லுங்கள்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

தம்பி, பை வேண்டாம். சினை என்றாலும் முட்டைதான்; ‘சினைப்பை’ என்றால் இன்று எல்லோருக்கும் ஓவரிதான். உங்கள் அட்டவணையில் ஓவரியும் எக் கேஸும் அடுத்தடுத்த கட்டத்தில் வரும். மீனை அறுத்துக்கொண்டே ஈரக்கையால் எழுதுகிறவர் ஒன்றை மற்றதில் போட்டுவிட்டால் முதிர்ச்சிக் கணக்கே தவறிவிடும். ‘முட்டைக்கூடு’ என்று போடுங்கள்.

இன்னொன்று. வெறுமனே ‘திருக்கை’ என்று எழுதாதீர்கள். வாலில் முள்ளுள்ள கொட்டும் திருக்கைகள் குட்டி போடுபவை. ஸ்கேட் முட்டையிடும். அதன் வால் தடித்திருக்கும், நுனிப்பக்கம் இரண்டு சிறு முதுகுத் துடுப்புகள் இருக்கும், கொட்டும் முள் இருக்காது. ‘முட்டையிடும் திருக்கை’ என்று முதல் பக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா சொன்ன வேறுபாடு அருமை. ஆனால் கூடு என்பது பறவைக்கும் புழுவுக்கும் போய்விட்ட சொல். நான் ‘முட்டையுறை’ என்பேன். உறை என்றால் மூடுவது, உறைதல் என்றால் தங்குதல். அந்தக் கரு மாதக்கணக்கில் அங்கேதானே உறைகிறது? மூடுவதும் தங்குவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. உறைகிணற்றில் வரும் உறையும் உள்ளே இருப்பதைக் காக்கும் சுற்றுச்சுவர்தான்.

சினை என்ற சொல்லையும் விட மனமில்லை. மீனின் முட்டைத்திரள் சினை, மரத்தின் கிளை சினை, இலக்கணத்தில் முதலின் உறுப்பும் சினை. தாயின் உறுப்பாக இருந்து கிளைத்துப் பிரிவது என்று பார்த்தால் மூன்றும் ஒரே வேர் என்றே எனக்குப் படுகிறது. கொம்பு என்பதற்கும் கிளை என்று பொருள் உண்டு. நான்கு கொம்புள்ள ஒரு பொருளுக்குச் சினை என்று பெயர் வருவது எவ்வளவு பொருத்தம்! ‘சினையுறை’ என்றும் சொல்லலாம்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, உறையில் ஓர் இடர் இருக்கிறது. உறை என்றதும் முட்டை முதலில், போர்த்தியது பிறகு என்று மாணவர் நினைப்பார். இங்கே நடப்பது தலைகீழ். முட்டைக்குழாயில் உள்ள ஓட்டுச் சுரப்பி புரத இழைகளால் கீழ்ப்பாதியை முதலில் கட்டத் தொடங்கிவிடும். அப்புறம்தான் முட்டை வந்து இறங்கும், மேற்பாதி மூடும். கட்டி வைத்த பிறகு குடியேறுவதற்குப் பெயர் கூடுதானே? தவிர, முட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுக்கும் முட்டையுறை என்றே எழுதிவருகிறோம்.

தமிழாசிரியர் எழுதியது:

வாள் வந்த பிறகா வாளுறை தைக்கிறார்கள்? உறையும் முன்பே செய்து வைப்பதுதான். சவ்வு பற்றிய தடையை ஏற்கிறேன், இதை ஏற்கவில்லை.

மீன்வளக் கள ஆய்வாளர் எழுதியது:

நான் இந்த வேலையை அன்றாடம் செய்பவன். நிறம் வெளிறிய கூடு ஒன்றை ஒருமுறை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் கரு, அதன்மேல் விரல் நீளத்துக்கு ஓர் உயிர். அதன் வால் ஒரு கொம்புக்குள் நுழைந்து நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. வளர்ச்சியின் தொடக்கத்தில் கொம்புத் துளைகள் அடைபட்டிருக்கும். பிறகு அவை திறந்து, வால் அசைவில் கடல்நீர் உள்ளே வந்து போகும். காற்றோட்டமுள்ள வீடு அது. அதனால் என் வாக்கு கூட்டுக்கு.

எந்தச் சொல்லானாலும் குழப்பம் மட்டும் கூடாது. ஒவ்வொரு முட்டைக்குழாயிலும் ஒரு கூடாக, பெரும்பாலும் இணையாகவே உருவாகும். குழாயில் கூடு தென்பட்டால் அந்தப் பெண் மீன் முட்டையிடும் நிலையில் இருக்கிறது என்று குறிக்கிறோம். ஸ்கேட் மெதுவாக வளரும், தாமதமாக முதிரும், எலும்பு மீன்களைப் போல லட்சக்கணக்கில் முட்டையிடாது. தார்ன்பேக் ஸ்கேட் குஞ்சு வெளிவர நான்கைந்து மாதம் ஆகும். பெரிங் கடலின் குளிர்நீரில் அலாஸ்கா ஸ்கேட்டுக்கு 3 ஆண்டுக்கு மேல். முதிராத மீனை முதிர்ந்தது என்று தவறாக எழுதினால், பிடிக்கலாம் என்று சொல்லும் அளவும் தவறும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நன்றி. ‘கிளாஸ்பர்’ என்பதற்கும் சொல் வேண்டும். ‘பற்றுறுப்பு’ சரியா?

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

பெண்ணைப் பற்றிக்கொள்ளத்தான் என்று முன்பு நினைத்து வைத்த பெயர் அது. உண்மையில் விந்தைச் செலுத்தும் உறுப்பு, ஆணின் இடுப்புத் துடுப்பின் உட்பகுதி நீண்டு உருவானது. பழைய பிழையை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்? ‘புணர்துடுப்பு’ என்று எழுதுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

புணர்துடுப்பு நல்ல வினைத்தொகை. வழிமொழிகிறேன். ஆனால் ஆய்வாளர் ‘குஞ்சு’ என்றாரே, கொட்டும் திருக்கைக்குக் ‘குட்டி’, இதற்குக் ‘குஞ்சு’ என்பது அவர் வகுத்த விதியா? தொல்காப்பியத்தின் மரபியல் பகுதியில் பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்றும், தவழ்பவையும் அவ்வாறே என்றும் வருகிறது. அடித்தரையை ஒட்டித் தவழும் மீனுக்குப் ‘பார்ப்பு’ பொருந்தாதா?

மீன்வளக் கள ஆய்வாளர் எழுதியது:

ஐயா, பார்ப்பு என்று எழுதினால் படகில் ஒருவருக்கும் புரியாது. முட்டையிலிருந்து வருவது குஞ்சு, வயிற்றிலிருந்து வருவது குட்டி. எங்களுக்கு இதுவே போதும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நேரம் ஆகிவிட்டது. ‘முட்டைக்கூடு’, ‘புணர்துடுப்பு’, ‘குஞ்சு’ என்று வைத்து அனுப்புகிறேன். ‘பிக் ஸ்கேட்’ என்ற இனத்தைப் பற்றிய பத்தியில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: அதன் ஒரே கூட்டில் 7 கருக்கள் வரை இருக்கலாம்.

தமிழாசிரியர் எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. ஏழு பேர் சேர்ந்து உறைவது கூட்டில் என்றே இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது அடிக்குறிப்பிலாவது ‘சினையுறை’ இடம்பெற வேண்டும் என்ற என் கோரிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.