புதுப்பிப்பு: அக்கா மகளின் பேச்சுப் போட்டி முடிந்தது

காட்டுயிர் வாழிடம் பற்றி என்ன பேசலாம் என்று அக்கா மகளுக்காகக் கேட்டிருந்தேனே, கிருஷ்ணகிரியில் போட்டி முடிந்தது. இரண்டாம் பரிசு!

சிங்கம், புலியை விட்டுவிட்டு நம்ம காட்டையே பேசச் சொன்னவர்களுக்கு நன்றி. 2022-இல் அறிவித்த காவேரி தெற்கு வன உயிரின சரணாலயத்தில் தொடங்கினாள்: 686 சதுர கி.மீ., கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்துக் காடும் சேர்ந்தது, யானைக்கும் நீர்நாய்க்கும் வீடு. அடுத்து, ராகி சீசனில் தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் பக்கத்துச் சானமாவு காடு வரை வரும் யானைக் கூட்டம்.

நடுவர் மடக்கினார்: "ராகி போன விவசாயிக்கு என்னம்மா பதில்?"

"எங்க தாத்தா வயலையும் மிதிச்சிருக்கு சார். யானையைத் திட்டமாட்டாரு, நிவாரணம் லேட்டாச்சுன்னுதான் திட்டுவாரு."

அரங்கமே சிரித்தது. எதுகை மோனை குறைவு என்று மதிப்பெண் குறைத்தார்களாம், போகட்டும். உரை வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தட்டச்சு செய்து போடுகிறேன்.