டப்லட் வந்த பிறகு என் களனிவெளிப் பாதை

மொடல் ரயில் என்றதும் எல்லோரும் கட்டுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன செலவு, எவ்வளவு இடம் வேண்டும், சாமான் எங்கே கிடைக்கும் என்று. ஓட்டுவதைப் பற்றி என்னிடம் முதலில் கேட்டவர் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஐயா. அவரைப் பற்றி எழுதத்தான் வந்தேன். அதற்கு முன் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரை ஒட்டி எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை. அதில் ஓடுவது கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் போகும் பழைய களனிவெளிப் பாதை. ஜன்னலைத் திறந்தால் கரையோரப் பாதை தெரிகிறதே, அதைச் செய்யலாமே என்பார்கள். காரணம் கணக்கு. நம் அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மி.மீ. பரவலாக விற்கும் எச்ஓ அளவான 1:87இல் அது 19 மி.மீ.க்குச் சற்று மேலே வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ.தான், அது 1435 மி.மீ. பாதைக்காகச் செய்தது. அகலப்பாதையில் ஓடும் எம்2 டீசல் எஞ்சினை அதில் வைத்தால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். ஆனால் களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்படும் வரை இரண்டடி ஆறங்குலக் குறும்பாதை, 762 மி.மீ. 87ஆல் வகுத்தால் 8.76. என்-கேஜ் என்ற இன்னும் சிறிய மொடல் அளவுக்கு விற்கும் தண்டவாளம் 9 மி.மீ. அந்தக் கால் மில்லிமீட்டரை யாராலும் பிடிக்க முடியாது. ஐரோப்பாவில் தங்கள் குறும்பாதைகளை எச்ஓஇ என்ற பெயரில் இப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே மோட்டரோடு அடிச்சட்டம் ஆயத்தமாகக் கிடைக்கும். மேல் உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். இலங்கை ரயிலைச் செய்ய நினைக்கும் எவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்: இடம் குறைவென்றால் களனிவெளி.

மலைகளுக்கு ரிஜிபோம், சாமான் பெட்டிகளோடு வந்ததே போதும். தண்டவாளத்துக்கு நடுவே போடும் சல்லிக்கு எங்கள் கடற்கரை மணலைச் சலித்து எடுக்க நினைத்திருந்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரொனிக் சாமான் விற்கும் நானாவிடம் வயர் வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். “கடல் மணலா? காந்தத்த ஓட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்டு, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைக் கையில் தந்தார். வீட்டில் அதைத் தாளில் சுற்றி மணலுக்கு மேலே ஓட்டினேன். கறுப்புத் துகள் அப்பிக்கொண்டு வந்தது. நம் கரையோர மணலில் இல்மனைற்றும் மக்னரைற்றும் உண்டு. அந்தத் துகள் பசையிலிருந்து விடுபட்டு மோட்டருக்குள் இழுபட்டால் எஞ்சின் அதோடு சரி. நானா காந்தத்துக்குக் காசு வாங்கவில்லை. அப்புறம் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் மகனையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்.

கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் நிக்கல் சில்வர் தண்டவாளமும் மங்கும். ஓட்டுவதற்கு முன் ஐசோபுரோபைல் அல்ககோல் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும்.

2022 மின்வெட்டு நாட்களில்தான் என் பாதையைப் பார்க்க அயலவர்கள் வரத் தொடங்கினார்கள். மொடல் ரயில் 12 வோல்ட் டிசியில் ஓடும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய கார் பற்றரி ஒன்று ரயிலுக்கும் இரண்டு எல்ஈடி விளக்குக்கும் தாராளமாகப் போதுமாக இருந்தது. கட்டடம் முழுக்க இருட்டு, எங்கள் விறாந்தையில் மட்டும் வெளிச்சம். பிள்ளைகள் வந்தார்கள், பிறகு பெரியவர்கள். அப்படி வந்தவர்தான் ஐயா.

வடக்குப் பாதையில் வேலை செய்தவர். 1990இல் அந்தச் சேவை நின்றபின் மலையகப் பாதைக்கு மாற்றலாகிப் போனவர். கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தக் கோச்சி ஆரிட்டைக் கேட்டு வெளிக்கிட்டது?” என்றார். சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

பிறகு அவரே விளக்கினார். டப்லட் என்பது வண்டி போக அனுமதியாகச் சாரதி கையில் கொடுக்கும் உலோக வட்டு. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கும் டப்லட் கருவி இருக்கும், இரண்டும் மின்கம்பியால் இணைந்திருக்கும். அடுத்த நிலையத்தவர் மணியடித்துச் சம்மதம் தந்தால்தான் ஒரு டப்லட்டை வெளியே எடுக்கலாம். அது இரண்டில் ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும் வரை மற்றொன்று வராது. டப்லட் கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்கமாட்டார். மலையகத்தில் நிற்காமல் போகும் வண்டிக்கு அதை வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். மழையிலும் பனியிலும் அந்த வளையத்தோடு மேடையில் நின்றதை அவர் சொல்லக் கேட்க வேண்டும்.

அன்றே எனக்கு யோசனை ஓடியது. பித்தளைத் தகட்டில் சட்டைப் பொத்தானை விடச் சற்றுப் பெரிய வட்டு ஒன்றை லேத் பட்டறையில் வெட்டுவித்தேன். என் பாதையில் நுகேகொடை, ஹோமாகம என்று இரண்டு நிலையங்கள். இரண்டு நிலையத்திலும் ஒவ்வொரு பிளவு, உள்ளே மைக்ரோ சுவிட்ச். வட்டைப் போட்டால்தான் நடுப் பிரிவுக்கு மின்சாரம் போகும். வட்டு ஒன்றே ஒன்று, ஆகவே இரண்டு பேர் ஒரே நேரத்தில் வண்டியை அனுப்ப முடியாது. மணியடிக்க இரண்டு கதவு மணிப் பொத்தான்.

நேரசூசி எழுதித் தந்தவரும் ஐயாதான். அதற்கு வேகமாக ஓடும் கடிகாரம் வேண்டும். 1:87இல் ஒரு கிலோமீட்டருக்கே 11.5 மீட்டர் பலகை தேவை, எங்களிடம் இருப்பது எட்டடி. கடிகாரத்தை நான்கு மடங்கு வேகமாக்கினால் கால்மணி நேரம் ஒரு மணித்தியாலமாகிவிடும், காலை ஒபிஸ் வண்டி முதல் பின்னேரச் சாமான் வண்டி வரை ஒரே அமர்வில் ஓட்டலாம்.

இப்போது போயா நாட்களில் ஓட்டுகிறோம். நானாவின் மகன் ஹோமாகமவில், பக்கத்து வீட்டுப் பிள்ளை நுகேகொடையில், ஐயா நடுவில் பென்சிலோடு. சாமான் வண்டி பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்கும், எதிரே வரும் பயணிகள் வண்டிக்காக எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பு இந்த வண்டிகள் சுற்றிச் சுற்றி ஓடும்போது பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிடும். இப்போது காத்திருப்பதற்குச் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு எஞ்சின் கட்டியதை விட இது பெரிய சந்தோஷம்.

அடுத்து கொழும்பு கோல்ஃப் மைதானத்துக்குள்ளால் பாதை போகும் இடத்தைச் செய்யப் போகிறேன். குறும்பாதைக் காலத்து ஹோமாகம நிலைய வளவின் படமோ தண்டவாள வரைபடமோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பக்கப் பாதை எந்தப் பக்கம் பிரிந்தது என்பதில் ஐயாவுக்கும் நானாவுக்கும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.